அண்ணன் இல்லாத மேடை: பீச் பாய்ஸின் 1973 கச்சேரி ஆல்பம்

1973 நவம்பரில் வெளிவந்த 'த பீச் பாய்ஸ் இன் கான்சர்ட்' ஒரு இரட்டை இசைத்தட்டு. நான்கு பக்கம், 20 பாட்டு. பெரும்பாலானவை இந்த அமெரிக்கக் குழுவில் இருந்த சகோதரர்களில் மூத்தவரான பிரையன் வில்சன் இசையமைத்தவை. அந்தப் பிரையன்தான் மேடையில் இல்லை. இந்த ஆல்பத்தைப் பற்றி நான் சொல்ல வருவது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது நடுக்குரல், பாடுகிறவள். அதனால் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் சேர்ந்து பாடும் எந்த ஹார்மனிக் குழுவைக் கேட்டாலும் என் காது நேராக நடுக்குரலுக்குத்தான் போகும். மெட்டை யார் வேண்டுமானாலும் கேட்டுவிடலாம். உச்சக் குரல் தானாகவே காதில் விழும், அடிக்குரலும் அப்படித்தான். நடுவில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஆளுக்கு இடம் கொடுத்துப் பாடுகிறவர் அசந்தால்தான் மொத்தமும் சரியும். இந்த மதிப்புரையும் அந்தக் காதோடு எழுதியதுதான்.

பீச் பாய்ஸ் 1961-ல் கலிபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில் உருவான குழு. பிரையன், டென்னிஸ், கார்ல் என்று மூன்று வில்சன் சகோதரர்கள், அவர்களுடைய அத்தை மகன் மைக் லவ், நண்பர் ஆல் ஜார்டின். 'ஃபோர் ஃப்ரெஷ்மென்' என்ற ஹார்மனிக் குழுவின் தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிரித்தெடுத்து, தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பிரையன். இத்தனைக்கும் அவருக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. ஸ்டுடியோவில் ஒரே ஆளை ஒரே வரியை இரண்டு முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பார். ஐந்து பேர் பாடியது பத்துப் பேர் பாடியதுபோல் கேட்பது அதனால்தான். 1964 டிசம்பரில் ஹூஸ்டனுக்குப் போகும் விமானத்தில் அவருக்கு மனம் நொறுங்கிப்போன பிறகு சுற்றுப்பயணம் போவதையே ஏறத்தாழ விட்டுவிட்டார். அண்ணன் ஸ்டுடியோவில் பாட்டுக் கட்டுவார், தம்பிகள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பாடுவார்கள் என்று ஆனது.

யோசித்துப் பாருங்கள், இது எவ்வளவு கஷ்டமான வேலை. பல நாள் உட்கார்ந்து அடுக்கடுக்காகப் பதித்த குரல்களை, ஆளுக்கு ஒரு தொண்டை, ஒரே வாய்ப்பு என்று மேடையில் நின்று பாட வேண்டும். 1964-ல் வந்த அவர்களுடைய முதல் கச்சேரி ஆல்பமான 'பீச் பாய்ஸ் கான்சர்ட்' அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது. ஆனால் அதில் 'ஃபன், ஃபன், ஃபன்', 'ஐ கெட் அரவுண்ட்' இரண்டும் உண்மையில் ஸ்டுடியோப் பதிவுகள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, மேலே ரசிகர்களின் கூச்சலைப் போட்டிருக்கிறார்கள். கேட்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் மேடையில் குரல்கள் எப்படி ஒட்டின என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு பாட்டும் உதவாது. 1973 ஆல்பத்தில் அந்தக் குறை இல்லை. இங்கே மூச்சு வாங்குவது கேட்கிறது.

இதற்குள் குழுவே மாறியிருந்தது. பிரையனுக்குப் பதிலாக மேடையில் பாட வந்த புரூஸ் ஜான்ஸ்டன் 1972-ல் விலகிவிட்டார். டென்னிஸ் 1971-ல் கண்ணாடியில் கையை வெட்டிக்கொண்டதால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை. அந்த இடத்துக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டிரம்ஸுக்கு ரிக்கி ஃபட்டார், கிடாருக்கும் பாட்டுக்கும் பிளாண்டி சாப்ளின். இவர்கள் முன்பு இருந்த குழுவின் ஆல்பத்தை 1970-ல் தயாரித்துக் கொடுத்ததே கார்ல்தான். ஆக, மூன்று சகோதரர்களில் கடைக்குட்டியான கார்ல், 26 வயதில், மேடைக்குத் தலைவர். ஆல்பம் முழுக்க அவருடைய கை தெரிகிறது.

முதல் பாட்டு 'செயில் ஆன், செயிலர்'. பிளாண்டி பாடுகிறார். ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும், இது கடற்கரைச் சட்டை போட்ட பழைய பையன்கள் இல்லை என்று. கரகரப்பு கலந்த குரல், பின்னால் கனமான டிரம்ஸ். ஸ்டுடியோவில் இருந்ததைவிட இங்கே பாட்டுக்குக் கொஞ்சம் அழுக்கு ஏறியிருக்கிறது, அது அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ரிக்கியைப் பற்றி இங்கேயே சொல்ல வேண்டும். ஹார்மனிக் குழுவுக்கு டிரம்ஸ் வாசிப்பது தனிக் கலை. அடி பெரிதானால் குரல் மூழ்கும், சின்னதானால் பாடுகிறவர்களுக்குப் பிடிமானம் இருக்காது. ரிக்கி வரியின் முடிவில் மட்டும் நிரப்புகிறார், குரல்கள் சேரும் இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறார். 20 பாட்டிலும் இந்த ஒழுங்கு கெடவே இல்லை.

முதல் பக்கத்தில் நான் நின்றுபோகிற இடம் 'யூ ஸ்டில் பிலீவ் இன் மீ'. 1966-ல் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தின் பாட்டு. அதன் ஸ்டுடியோ வடிவத்தில் ஆரம்பம் பியானோவின் கம்பியை உள்ளே கைவிட்டுச் சுண்டி எடுத்தது, முடிவில் சைக்கிள் மணியும் ஹாரனும் வரும். இந்த அலங்காரங்களை மேடைக்குக் கொண்டுவர முடியாது. அப்போது மிஞ்சுவது குரல் மட்டும்தான். பிரையன் பாடிய முதன்மை வரியை இங்கே ஆல் ஜார்டின் பாடுகிறார். பிரையன் பாடும்போது இந்தப் பாட்டில் ஒரு தழுதழுப்பு இருக்கும், தப்புச் செய்தவன் மன்னிப்பை எதிர்பார்க்காமல் நிற்பதுபோல. ஆலின் குரல் அப்படி இல்லை. நேரானது, தெளிவானது, சுருதியில் குத்திட்டு நிற்பது. முதல் தடவை கேட்கிறவருக்கு உணர்ச்சி குறைவாகத்தான் தெரியும். ஆனால் கடைசியில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து மேலே ஏறுகிற இடம் வருகிறதே, அங்கே இந்த நேர்த்தி கைகொடுக்கிறது. நடுவில் ஒருவர் இவ்வளவு உறுதியாக நின்றால்தான் மேலே இருப்பவர் தைரியமாக எட்டிப் பிடிக்க முடியும். ஏறும்போது மேல்குரலில் ஒரு சின்னப் பிசிறு தட்டுவதுபோல எனக்குக் கேட்கிறது. உடனே மற்றவர்கள் அதை மூடிவிடுகிறார்கள். அந்தக் கணத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்பேன். ஸ்டுடியோவில் அப்படி ஒரு பிசிறு இருந்திருந்தால் பிரையன் அழித்துவிட்டு மறுபடி பாடவைத்திருப்பார்.

அதற்கு முன்னால் வரும் 'த டிரேடர்' கார்லின் சொந்த இசை. 'ஹாலந்து' ஆல்பத்தில் வந்தது. கப்பலேறி வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றியது. வேகமான முதல் பாதி, அப்புறம் மெதுவாக உள்ளே திரும்பும் இரண்டாம் பாதி. பாதியில் பாட்டின் மனநிலையே மாற வேண்டும். கார்ல் குரலை உயர்த்தாமல், இன்னும் இறக்கி அந்த மாற்றத்தைக் கொண்டுவருகிறார். 'கலிபோர்னியா கேர்ள்ஸ்', 'டார்லின்' இரண்டும் கூட்டத்துக்காக. 'டார்லின்' பாட்டில் கார்ல் தொண்டை திறந்து பாடுவதைக் கேட்கச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாம் பக்கம் 'மார்செல்லா'வோடு தொடங்குகிறது. 1972 ஸ்டுடியோ வடிவத்தில் இந்தப் பாட்டு கொஞ்சம் அடக்கமாக இருக்கும். இங்கே கட்டவிழ்த்து விட்டதுபோல் பாய்கிறது. கிடார்கள் முன்னால் வருகின்றன, ஆனாலும் பல்லவியில் குரல்களின் அடுக்கு குலையவில்லை. சத்தமாகவும் பாட வேண்டும், ஒருவரையொருவர் கேட்கவும் வேண்டும் என்ற இரண்டையும் எப்படிச் செய்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம்தான். மேடையில் பக்கத்து ஆளின் குரல் காதில் விழாமல் பாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். நாங்கள் அப்படிப் பாடும்போது ஒரு காதை விரலால் மூடிக்கொள்வோம். அப்போது நம் குரல் மட்டும் தலைக்குள் கேட்கும், சுருதி தப்பாது. ஆனால் கலவை போய்விடும். இவர்களுக்குக் கலவை போகவில்லை.

'கரோலைன், நோ' பற்றி எனக்கு இரண்டு மனம். 1966-ல் பிரையன் தன் பெயரில் தனியாக வெளியிட்ட பாட்டு அது. மற்றவர்களின் குரலே அதில் கிடையாது. அண்ணனின் அந்தரங்கமான பாட்டை மேடையில் தம்பி எடுத்துப் பாடுகிறார். கார்ல் அதை அழகாகத்தான் பாடுகிறார், சில இடங்களில் அண்ணனைவிட மென்மையாக. ஆனால் அந்தப் பாட்டுக்கு அரங்கத்தின் திறந்த வெளி சரிப்படவில்லை என்பது என் எண்ணம். மூடிய அறைக்குள் தனியாக ஒருவர் பாடவேண்டிய பாட்டு அது.

'லீவிங் திஸ் டவுன்' இழுவை. பிளாண்டியின் குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் வரும் நீண்ட வாத்தியப் பகுதிதான் பாட்டைத் தூங்கவைக்கிறது. தட்டில் ஏறத்தாழ ஏழு நிமிடம் அதற்குப் போகிறது. அந்த ஏழு நிமிடத்தில் டென்னிஸின் 'ஃபாரெவர்' பாட்டையும் இன்னொன்றையும் வைத்திருக்கலாம். டென்னிஸ் எழுதிய பாட்டு இந்த ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த வருடங்களில் அண்ணனுக்கு அடுத்தபடி நல்ல மெட்டுகள் அவரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தன. 'ஹாலந்து' ஆல்பத்திலேயே அவருடைய இசையில் 'ஸ்டீம்போட்', 'ஓன்லி வித் யூ' என்று இரண்டு இருந்தன. மேடையில் கீபோர்டுக்குப் பின்னால் நின்ற மனிதரை, கேட்கிற நமக்கு அடையாளமே தெரியாமல் ஆக்கிவிட்டார்கள்.

சரி, மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தை வாங்குவதற்கு ஒரே ஒரு பாட்டைக் காரணமாகச் சொல்லச் சொன்னால் 'லெட் த விண்ட் ப்ளோ' என்பேன். 1967-ன் 'வைல்ட் ஹனி' ஆல்பத்தில் அது எளிமையான பாட்டு. மூன்று தாள நடை, கொஞ்சம் வாத்தியம், அவசரமாகப் பதித்ததுபோல் இருக்கும். இங்கே அதே பாட்டை நிதானமாக எடுத்து, கனமான அடித்தளம் போட்டு, நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். கார்ல் முதல் வரியை ஏறக்குறைய பேசுவதுபோல் ஆரம்பிக்கிறார். காற்றே வீசு, ஆனால் அவளை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்ற வேண்டுதல்தான் மொத்தப் பாட்டும். அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறை பல்லவிக்குத் திரும்பும்போதும் குரலில் ஒரு படி ஏற்றுகிறார். பின்குரல்கள் சொற்களைத் தொடாமல் உயிரெழுத்துகளால் மட்டும் தாங்குகின்றன. மூன்று தாளத்தில் பின்குரல் பாடுவதில் ஒரு ஆபத்து உண்டு, முதல் அடியில் எல்லாரும் சாய்ந்துவிட்டால் ஊஞ்சல் பாட்டுபோல் ஆகிவிடும். இவர்கள் அடியின் மேல் சாயாமல் அடிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துப் பாடுகிறார்கள். கிடாரும் அந்த இழுப்பைப் புரிந்துகொண்டு வருகிறது. ஸ்டுடியோ வடிவத்தை மேடை வடிவம் தோற்கடித்தது என்று இந்த ஆல்பத்தில் தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இது. பாட்டை எழுதியது அண்ணன், அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று காட்டியது தம்பி.

அதே பக்கத்தில் 'சர்ஃபர் கேர்ள்'. பிரையனின் ஆரம்பகாலப் பாட்டு, மெதுவான மூன்று தாள அசைவு. மறைத்துக்கொள்ள இடமே தராத பாட்டு. வாத்தியம் குறைவு, நீண்ட சுரங்கள், ஒவ்வொரு குரலும் தனியாகத் தெரியும். இளம் வயதில் பாடியதைவிடக் குரல்கள் தடித்திருக்கின்றன, அடியில் மைக் லவ்வின் பேஸ் இன்னும் இறங்கியிருக்கிறது. பழைய தட்டின் பளபளப்பு இல்லை. எனக்கு இந்தத் தடிமன் பிடிக்கிறது. மைக்கைப் பற்றி ரசிகர்கள் பலவிதமாகப் பேசுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான், அடிக்குரலை மூக்கில் பாடாமல் நெஞ்சில் வைத்துப் பாட அவருக்குத் தெரியும், அது இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் அந்தரத்தில் தொங்குவார்கள்.

நான்காம் பக்கத்தின் முதல் பாட்டு 'வி காட் லவ்'. தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சூழலை மனதில் வைத்து ரிக்கி, பிளாண்டி, மைக் மூவரும் எழுதியது. 'ஹாலந்து' ஆல்பத்தில் இருக்க வேண்டியது, 'செயில் ஆன், செயிலர்' பாட்டுக்கு இடம் விட்டு வெளியே போனது. அதனால் அந்தக் காலத்தில் பெரும்பாலான ரசிகர்களுக்கு இந்தப் பாட்டைக் கேட்க இந்த ஆல்பம்தான் வழி. மகத்தான பாட்டு என்று சொல்ல மாட்டேன், பல்லவி கொஞ்சம் நேரடியானது. ஆனால் டர்பனிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள், அமெரிக்காவின் மிக வெள்ளையான குழு என்று பெயரெடுத்த ஒன்றின் மேடையில் நின்று, தங்கள் ஊரைப் பற்றி எழுதிய பாட்டு அது. அதற்கான இடத்தை அந்தக் குழு கொடுத்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'டோன்ட் வொரி பேபி'யில்தான் பிரையன் இல்லாதது முழுசாக வலிக்கிறது. அவருடைய பொய்க்குரலுக்காகவே (ஃபால்செட்டோ என்ற மெல்லிய உச்சக் குரல்), அந்தத் தொண்டையை அளந்து தைத்த பாட்டு. இங்கே உச்சத்தை எட்டுகிறார்கள், ஆனால் எட்டுவதற்கு உழைக்க வேண்டியிருக்கிறது, அந்த உழைப்பு கேட்கிறது. பிரையன் பாடினால் அந்த உயரம் அவருடைய வீடுபோல் இருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் குரலை இழந்துவிட்டு இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேறு இல்லை.

'குட் வைப்ரேஷன்ஸ்' ஒரு சாதனை, அதில் சந்தேகமே வேண்டாம். 1966-ல் பல ஸ்டுடியோக்களில் துண்டு துண்டாகப் பதித்து, ஒட்டிச் சேர்த்த பாட்டு. துண்டுகளுக்கு நடுவே வேகமும் மனநிலையும் மாறும். ஒட்டு வேலையை நாடாவில் செய்யலாம், மேடையில் ஆறேழு பேர் ஒரே மூச்சில் எப்படித் திரும்புவது? ரிக்கியும் கார்லும் சேர்ந்து திருப்புகிறார்கள், ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. நடுவில் குரல்கள் மட்டும் மெல்ல அடுக்கிக்கொண்டு வரும் பகுதியை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். 'சர்ஃபின் யூஎஸ்ஏ', 'ஃபன், ஃபன், ஃபன்' இரண்டும் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பும் பாட்டுகள், ஆட வேண்டும்போல் இருந்தால் ஆடலாம்.

ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது. 1972 குளிர்காலத்திலும் 1973 கோடையிலும் நடந்த சுற்றுப்பயணங்களில் எடுத்தவற்றைத் தொகுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே இரவின் ஓட்டம் கிடைக்காது, பாட்டுக்குப் பாட்டு அரங்கத்தின் காற்று கொஞ்சம் மாறுவது கவனித்தால் தெரியும். கூட்டத்தின் சத்தத்தைப் பின்னால் வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 25-ஆம் இடம் வரை போனது. அடுத்த கோடையில் வெளிவந்த பழைய பாட்டுகளின் தொகுப்பான 'எண்ட்லெஸ் சம்மர்' அந்த அக்டோபரில் முதலிடத்தைப் பிடித்தது. பிளாண்டி 1973 முடிவில் போனார், ரிக்கி அடுத்த வருடம் போனார். அதற்கப்புறம் மேடையில் பழைய பாட்டுகளின் கை ஓங்கியது. 'த டிரேடர்' பாட்டும் 'ஃபன், ஃபன், ஃபன்' பாட்டும் ஒரே தட்டில் சமமாக உட்கார்ந்திருப்பதைக் கேட்க வேண்டுமென்றால் இந்த ஆல்பத்துக்குத்தான் வரவேண்டும்.

வாங்குவது பற்றி: 20 பாட்டும் ஒரே சிடியில் அடங்குகிறது. ஆனால் முடிந்தால் இசைத்தட்டிலேயே கேளுங்கள். 'ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்' முடிந்து தட்டை மாற்றும் இடைவெளி காதுக்குத் தேவைப்படுகிறது. ஒரே இரவின் கச்சேரியை முழுசாகக் கேட்க விரும்புகிறவர்களுக்கு, 1972 நவம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த நிகழ்ச்சி 2022-ல் வந்த 'செயில் ஆன் செயிலர் – 1972' பெட்டித் தொகுப்பில் இருக்கிறது. இது பிடித்துப்போனால் அதற்குப் போகலாம். பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள், குறிப்பாக நடுக்குரல் பாடுகிறவர்கள், கூடவே 1968-ல் பதித்த 'லைவ் இன் லண்டன்' ஆல்பத்தில் வாத்தியமே இல்லாமல் பாடும் 'தேர் ஹார்ட்ஸ் வேர் ஃபுல் ஆஃப் ஸ்பிரிங்' பாட்டையும் தேடிப் பிடியுங்கள். முதலில் மெட்டை விட்டுவிட்டு, உங்கள் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை கூடவே பாடிப் பாருங்கள்.